வேறு மருந்து எதுவும் இல்லை

கோயம்புத்தூர்
13.8.2002

திருமதி மேவிஸ் அவர்களுக்கு,

நான் அலினா, இன்பநாதனின் மகள். இதுவரை உங்களுக்கு எழுதியதில்லை. எழுதும் எண்ணமும் இருந்ததில்லை. ஜனவரியில் உங்கள் திருமணத்துக்கு ஏன் வரவில்லை என்பதை அப்பாவிடம் நேராகவே சொல்லிவிட்டேன்.

இந்த மாதம் மூன்றாம் தேதி அப்பா வீட்டில் விழுந்து, இரண்டு நாள் ஆஸ்பத்திரியில் இருந்திருக்கிறார். எனக்கு அது பத்து நாள் கழித்து, அப்பாவின் நண்பர் இருதயராஜ் மாமாவின் மனைவி பவுன் அத்தை சொல்லித்தான் தெரிகிறது. உடனே போன் செய்தேன். அப்பாதான் எடுத்தார். "ஒண்ணும் இல்லட்டி, லேசாத் தலை சுத்திட்டு" என்றார். லேசாகத் தலை சுற்றியவரை யாரும் ஐ.சி.யு.வில் வைக்க மாட்டார்கள். நான் ஏழு வருஷமாக நர்ஸ். உங்களிடம் கொடுக்கச் சொன்னேன். "அவ குளிக்கா" என்று வைத்துவிட்டார். அவருக்குப் பின்னால் நீங்கள் யாருடனோ இந்தியில் பேசிக்கொண்டிருந்தது எனக்குக் கேட்டது.

அப்பாவுக்கு ஆஞ்சைனா என்று தெரிந்து மூன்று வருஷம் ஆகிறது. நெஞ்சு வலித்தால் நாக்குக்கு அடியில் வைக்கும் நைட்ரேட் மாத்திரையை அந்த மூன்று வருஷமும் தனியாகவே எடுத்துக்கொண்டார். ஒரு முறைகூட விழவில்லை. இப்போது ரத்த அழுத்தம் எழுபதுக்கு இறங்கியிருக்கிறது என்று பவுன் அத்தை சொல்கிறார். மாத்திரை அதே மாத்திரை, ஆளும் அதே ஆள். வீட்டில் புதிதாக வந்தது நீங்கள்தான்.

அன்று எத்தனை மாத்திரை கொடுத்தீர்கள்? கொடுத்தது யார்? டப்பா யாரிடம் இருக்கிறது? பதில் எழுதுங்கள். எனக்குப் போன் வேண்டாம். எங்கள் விடுதியில் போன் வார்டன் மேஜையில் இருக்கிறது.

அலினா இன்பநாதன்

*

தாபோடி, புனே
21.8.2002

அன்புள்ள அலினாவுக்கு,

உன் கடிதம் வந்தபோது உன் அப்பா கீழே பால் வாங்கப் போயிருந்தார். அவரிடம் காட்டவில்லை. இனி நீ எழுதுவதானால் என் பள்ளி முகவரிக்கு எழுது, பின்பக்கம் கொடுத்திருக்கிறேன். மறைக்க வேண்டும் என்பதற்காக அல்ல. நீ என்னைப் பற்றி இப்படி எழுதியிருப்பதைப் படித்தால் அவருக்கு மறுபடியும் வலி வரும்.

என் தமிழில் பிழை இருக்கும். கிர்க்கி தமிழ்ச் சபையின் ஞாயிறு பள்ளியில் படித்த தமிழ்தான். ஆனால் இருபத்து நான்கு வருஷமாகக் கணக்கு டீச்சர். கேட்ட கேள்விக்குப் பதில் வரிசையாகச் சொல்லத் தெரியும்.

அன்று சனிக்கிழமை, பள்ளி அரைநாள். ஒன்றரைக்கு வந்தேன். சாப்பிட்டோம், பிறகு படுத்தோம். மூன்று மணி சுமாருக்கு அவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டார். டப்பா கட்டில் பக்கத்து ஷெல்ஃபில் இருக்கிறது, எப்போதும் அங்கேதான். நான் எடுத்துக் கொடுத்தேன், அவரே நாக்குக்கு அடியில் வைத்துக்கொண்டார். ஐந்து நிமிஷம் கழித்தும் வலி நிற்கவில்லை. இரண்டாவது வைத்தார். அதன் பிறகு குளியலறைக்கு என்று எழுந்தார். இரண்டு அடி வைத்திருப்பார், முகம் காகிதம் மாதிரி வெளுத்தது. அப்படியே சரிந்தார். கன்னத்தில் கட்டில் கால் பட்டு ரத்தம். எதிர் வீட்டு ஜோஷி காரில் கொண்டுபோனோம்.

ஆக, இரண்டு மாத்திரை. அதற்கு மேல் ஒன்றும் இல்லை.

நான் இந்தியில் பேசிக்கொண்டிருந்தது கேஸ் சிலிண்டர் கொண்டுவருபவனிடம். அவர் ஏன் நான் குளிப்பதாகச் சொன்னார் என்று எனக்கும் தெரியாது. நீயும் நானும் பேசுவதை அவர் விரும்பவில்லை போலிருக்கிறது.

ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன். ஆஸ்பத்திரியில் டாக்டர், "வேறு மருந்து ஏதாவது சாப்பிட்டீர்களா?" என்று இரண்டு முறை கேட்டார். இவர் இரண்டு முறையும் "எதுவும் இல்லை" என்றார். இரண்டாவது முறை சொல்லும்போது டாக்டரைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார்.

மேவிஸ்

*

கோயம்புத்தூர்
29.8.2002

திருமதி மேவிஸ் அவர்களுக்கு,

வரிசையாகத்தான் எழுதியிருக்கிறீர்கள். வார்டில் எதையாவது மறைக்கிற உறவினர்களும் இப்படித்தான் வரிசையாகச் சொல்வார்கள்.

அந்த மாத்திரையை வைத்தவுடன் எழுந்து நிற்கவே கூடாது என்பது உங்களுக்குத் தெரியாதா? ரத்தக் குழாய்கள் விரிந்து அழுத்தம் இறங்கும். உட்கார்ந்திருக்க வேண்டும். ஒன்று வைத்து ஐந்து நிமிஷம் பார்க்க வேண்டும். குறையவில்லை என்றால் அப்போதே ஆஸ்பத்திரிக்குக் கிளம்ப வேண்டும். போகிற வழியில் வேண்டுமானால் இன்னொன்று. எப்படிப் போனாலும் மூன்றுக்கு மேல் கூடாது. விழுங்கக் கூடாது. மாத்திரை அதற்குரிய கறுப்புக் கண்ணாடிப் பாட்டிலிலேயே இருக்க வேண்டும். நீங்கள் "டப்பா" என்று எழுதியிருக்கிறீர்கள். என்ன டப்பா? பிளாஸ்டிக்கா? சூட்டிலும் வெளிச்சத்திலும் அது வீரியம் இழந்துவிடும். முதல் மாத்திரை வேலை செய்யாததற்கு அதுவே காரணமாக இருக்கலாம்.

ஆனால் வீரியம் போன மாத்திரை ஒரு மனிதனை எழுபதுக்கு இறக்காது. அதுதான் என் சந்தேகம். இரண்டு மாத்திரைக்கு இது அதிகம். பிரஷர் மாத்திரையை மறந்துபோய் இரண்டு தடவை கொடுத்தீர்களா? சாப்பாட்டோடு ஒயின் குடித்தாரா? உங்கள் வீட்டில் திராட்சை ஒயின் போடும் வழக்கம் உண்டு என்று பவுன் அத்தை சொன்னார். அம்மா இருந்தவரை எங்கள் வீட்டில் அது நுழைந்ததில்லை.

மதியம் ஒன்றரையிலிருந்து மூன்று வரை உங்கள் கடிதத்தில் ஒரே ஒரு வரிதான் இருக்கிறது. அந்த ஒன்றரை மணி நேரத்தில் என்ன நடந்தது என்று எழுதுங்கள்.

அலினா

*

தாபோடி
9.9.2002

அலினாவுக்கு,

ஒயின் பற்றி இனி ஒருமுறை கேட்காதே. என் அம்மா கிறிஸ்மஸுக்குப் போடுவார். அவர் இறந்து ஒன்பது வருஷம் ஆகிறது. ஜாடியில் இப்போது எலுமிச்சை ஊறுகாய் இருக்கிறது.

பிரஷர் மாத்திரைக்குக் காலண்டரில் தினமும் கோடு போடுகிறேன். ஆகஸ்ட் மூன்றில் ஒரு கோடுதான். டப்பா பிளாஸ்டிக் என்பது உண்மை. உன் அப்பா மூன்று வருஷமாக அதில்தான் வைத்திருந்தார். நான் வரும் முன்பே. நீ எழுதிய பிறகு புதுப் பாட்டில் வாங்கி, திறந்த தேதியை அதன் மேல் எழுதி வைத்திருக்கிறேன். எழுந்து நிற்கக் கூடாது என்பது எனக்குத் தெரியாது. அது என் தவறுதான், ஒப்புக்கொள்கிறேன். யாரும் எனக்குச் சொல்லவில்லை. அவரும் சொல்லவில்லை.

அந்த ஒன்றரை மணி நேரத்தைப் பற்றி ஒரு மகள் கேட்கக் கூடாது, ஒரு மனைவி எழுதவும் கூடாது. உனக்கு இருபத்தொன்பது வயது. புரிந்துகொள்.

நீ என்னைச் சந்தேகப்படுகிறாய். நான் யாரைச் சந்தேகப்படுகிறேன் என்று உனக்குத் தெரிய வேண்டாமா?

ஜூன் மாதத்திலிருந்து ஒன்றுவிட்டு ஒரு வெள்ளிக்கிழமை உன் அப்பா பிம்ப்ரிக்குப் போகிறார். இஸ்திரி போட்ட சட்டை, கழுத்தில் பவுடர். "இருதயராஜைப் பாத்துட்டு வாரேன்" என்பார். போன ஞாயிறு சர்ச்சில் பவுன் அக்காவிடம் பேச்சோடு பேச்சாகக் கேட்டேன். "இன்பநாதன் அண்ணனா? எங்க வீட்டுப் படி ஏறி ரெண்டு மாசம் ஆச்சே" என்றார். வீட்டுக்கு வந்து இவரிடம் கேட்டேன். "அவளுக்கு மறதி" என்றார். பவுன் அக்காவுக்கு மறதி என்றால் இந்த உலகத்தில் யாருக்கும் ஞாபகம் கிடையாது.

கட்டிலுக்கு அடியில் ஒரு தகரப் பெட்டி இருக்கிறது. பழைய ஆபீஸ் காகிதம் என்றார். பழைய காகிதத்துக்கு ஜூனில் எதற்குப் புதுப் பூட்டு? சாவியை அவருடைய பைபிளின் உறைக்குள் வைத்திருக்கிறார். நான் பார்த்தது அவருக்குத் தெரியாது. திறக்கவில்லை. திறந்தால் அந்த நிமிஷத்தோடு நான் வேறு மாதிரி மனைவி ஆகிவிடுவேன்.

எனக்கு ஐம்பத்தொன்று. என் அப்பாவைக் கடைசிவரை பார்த்துக்கொண்டே கல்யாணமில்லாமல் இருந்துவிட்டேன். இந்த வயதில் ஒருவரை நம்பி வந்தேன். உன்னிடம் இதைக் கேட்க எனக்குக் கூசுகிறது, ஆனாலும் கேட்கிறேன். உன் அம்மா இருந்த காலத்தில் உன் அப்பாவுக்கு வேறு யாரோடாவது பழக்கம் இருந்ததா?

மேவிஸ்

*

கோயம்புத்தூர்
23.9.2002

உங்கள் கடிதம் வந்து ஒரு வாரம் ஆகிறது. மூன்று முறை பதில் எழுதிக் கிழித்தேன்.

அம்மா இறந்த பிறகு ஆறு வருஷம் என் அப்பா தானே சமைத்து, தானே துவைத்து வாழ்ந்தார். அந்த வீட்டுக்குள் ஒரு வேலைக்காரியைக்கூட விடவில்லை, ஊர் பேசும் என்று. அவரைப் பற்றி என்னிடமே இப்படிக் கேட்கிறீர்கள். உங்கள் மேல் உள்ள சந்தேகத்தைத் திருப்ப இது நல்ல வழி என்று நினைத்தீர்களா?

இதை இங்கே நிறுத்துகிறேன்.

24.9.2002, காலை

கிழிக்காமல் தொடர்கிறேன். நேற்று டியூட்டி முடிந்ததும் எங்கள் டாக்டர் சாவித்ரியிடம் விஷயத்தைச் சொன்னேன். பெயர் சொல்லவில்லை, "தெரிந்த ஒருவர், அறுபது வயது, ஆஞ்சைனா" என்றேன். இரண்டே மாத்திரையில் அழுத்தம் எழுபது. சனிக்கிழமை மதியம். வெள்ளிக்கிழமை எங்கோ போய்வருகிறார். பெட்டிக்குப் பூட்டு. எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவர் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"அவர் சமீபத்துல கல்யாணம் பண்ணிக்கிட்டாரா?"

எனக்குக் காது வரை சுட்டது. ஆமாம் என்றேன்.

நான் அவருடைய மகள். இதை எழுதக் கூடாது. ஆனால் நான் எழுதாவிட்டால் உங்களுக்கு யாரும் சொல்லப்போவதில்லை. ஒன்றரை வருஷமாக ஒரு மாத்திரை நம் நாட்டில் கிடைக்கிறது. ஆண்கள் சாப்பிடுவது. நைட்ரேட்டைப் போலவே அதுவும் ரத்தக் குழாய்களை விரிக்கும். இரண்டும் ஒரே நாளில் உடம்பில் சேர்ந்தால் அழுத்தம் பாதாளத்துக்குப் போகும், உயிரே போகலாம். ஆஞ்சைனாக்காரர்களுக்கு எந்த டாக்டரும் எழுதித் தர மாட்டார். அதனால்தான் வெளியே ரகசியமாக வாங்குகிறார்கள். சிலர் அதையே பொடித்து, வேர் மருந்து, ‘தாகத்’ என்னும் வீரிய மருந்து என்று காகிதத்தில் மடித்து விற்கிறார்களாம். சாப்பிடுகிறவருக்கே அது என்னவென்று தெரியாது.

நீங்கள் எனக்குப் பதில் சொல்ல வேண்டாம். பெட்டியை மட்டும் பாருங்கள்.

மிக முக்கியமான ஒன்று. அவருக்கு மறுபடி நெஞ்சு வலி வந்தால், முதலில் இதைக் கேளுங்கள். அன்றோ முந்தின நாளோ அந்த மருந்தைச் சாப்பிட்டிருந்தால் நாக்குக்கு அடியில் வைக்கும் மாத்திரையைக் கொடுக்காதீர்கள். அவர் கெஞ்சினாலும் கொடுக்காதீர்கள். உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய், வாசலிலேயே டாக்டரிடம் சொல்லுங்கள். சொல்லாவிட்டால் அவர்களும் முதலில் நைட்ரேட்டைத்தான் கொடுப்பார்கள்.

இதைக் கூரியரில் அனுப்புகிறேன்.

அலினா

*

கோயம்புத்தூர்
30.9.2002

மேவிஸ் ஆன்ட்டி,

நேற்று மாலை பவுன் அத்தை விடுதிக்குப் போன் செய்தார், அழுதுகொண்டே. சனிக்கிழமை அப்பா நெஞ்சு வலியில் துடித்தாராம், மாத்திரைப் பாட்டிலை நீங்கள் பிடுங்கி வைத்துக்கொண்டீர்களாம். அப்பா கையை நீட்டி நீட்டிக் கேட்டாராம். நீங்கள் பாட்டிலை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு ஏதோ கேள்வி கேட்டுக்கொண்டே நின்றீர்களாம். "எங்கண்ணால பாத்தேன் அலினா, கல்லு மாரி நிக்கா" என்றார்.

என் கூரியர் உங்கள் கைக்கு வந்ததா? எப்போது வந்தது? சனிக்கிழமைக்கு முன்பா, பின்பா? கூரியர் ஆபீசில் கேட்டால் "புனே போய்விட்டது" என்பதற்கு மேல் தெரியாது என்கிறார்கள். கடிதம் கிடைத்து அப்படிச் செய்திருந்தால் ஒரு அர்த்தம். கிடைக்காமல் செய்திருந்தால் வேறு அர்த்தம். இரண்டுக்கும் நடுவில் நான் உட்கார்ந்திருக்கிறேன்.

ஆஸ்பத்திரிக்குப் போன் செய்தேன். ஆபத்து இல்லை, வார்டில் இருக்கிறார் என்றார்கள். வேறு எதுவும் போனில் சொல்ல மாட்டார்களாம். வீட்டுப் போன் அடித்துக்கொண்டே இருக்கிறது. யாரும் எடுக்கவில்லை.

இதையும் கூரியரில் அனுப்புகிறேன், உடனே எழுதுங்கள். சில நாள் காத்திருப்பேன். அதற்குப் பிறகு என்ன செய்வது என்று எனக்குத் தெரியும்.

அலினா

*

தாபோடி
3.10.2002

அலினாவுக்கு,

உன் கூரியர் சனிக்கிழமை காலை பதினொன்றே கால் மணிக்குப் பள்ளிக்கு வந்தது. பியூன் ரிஜிஸ்டரில் என் கையெழுத்தும் நேரமும் இருக்கிறது. நம்பாவிட்டால் வந்து பார்.

டீச்சர்கள் அறையில் ஒரு முறை படித்தேன். பிறகு பாத்ரூமில் கதவைச் சாத்திக்கொண்டு இன்னொரு முறை. ரிக்ஷாவில் வரும்போது, சாப்பிட்ட பிறகு நிதானமாகக் கேட்கலாம் என்று முடிவு செய்திருந்தேன். அவ்வளவு நேரம் கிடைக்கவில்லை.

கேஸ் வந்திருக்கிறது. அந்த ஆள் சிலிண்டரைக் கீழேயே வைத்துவிட்டுப் போய்விட்டான். இவர் இரண்டு மாடிக்கு அதைத் தானே தூக்கி ஏற்றியிருக்கிறார். நான் உள்ளே வந்தபோது நாற்காலியில் உட்கார்ந்து, நெஞ்சில் முஷ்டியை அழுத்திக்கொண்டு, சட்டையெல்லாம் வியர்வை. பவுன் அக்கா சபை அசன விருந்துக்கு அரிசி சேகரிக்க அப்போதுதான் வந்தவர், பையோடு வாசலில் நிற்கிறார். இவர் கை ஷெல்ஃபுக்குப் போனது. நான் ஓடிப்போய்ப் பாட்டிலை எடுத்துக்கொண்டேன்.

"குடு" என்றார்.

"முதல்ல சொல்லுங்க. இன்னிக்கு வேற மருந்து ஏதாவது சாப்பிட்டீங்களா?"

"இல்ல. குடு, மேவிஸ்."

"ஆஸ்பத்திரியில சொன்ன மாதிரி இல்லையா, நிஜமாவே இல்லையா?"

"உனக்கென்ன கிறுக்கா? வலிக்கி! குடு!"

பவுன் அக்கா அரிசிப் பையைக் கீழே போட்டுவிட்டார். "ஏளா, மனுசன் சாகக் கெடக்கான், நீ வக்கீல் மாரி கேள்வி கேக்க! குடுளா!" என்று என் தோளைப் பிடித்து உலுக்கினார். பாட்டில் என் கையில் இருந்தது. மூடியைத் திறந்தால் போதும், எல்லாரும் என்னை நல்லவள் என்று சொல்லியிருப்பார்கள். அலினா, உன் கடிதமே பொய்யாக இருந்தால் என்று ஒரு நிமிஷம் நினைத்தேன். என் கையாலேயே அவரைச் சாகவிட்டு, பழியை என்மேல் போட நீ எழுதிய கடிதமாக இருந்தால்? அந்த அளவுக்கு நான் உன்னை நம்பாமல் இருந்தேன். அதை மறைக்கவில்லை.

பிறகு அவர் பைபிளை எடுத்து உறைக்குள் விரலை விட்டேன். சாவியை அவர் முகத்துக்கு நேரே பிடித்தேன். "பெட்டியத் திறக்கட்டுமா? அக்கா முன்னாடியே திறக்கறேன்."

அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

"பன்னெண்டு மணிக்கி" என்றார். "ஒரு பொட்டலம்."

நான் பாட்டிலைக் கைப்பையில் போட்டேன். ஜோஷி காரைக் கிளப்பினார். காஷுவால்டியில் ஒரு சின்ன வயது டாக்டர், ஆஞ்சைனா என்று கேட்டதும் மாத்திரையைப் பிரித்துக்கொண்டு, "ஜபான் உடாவ்" என்று இவர் நாக்கைத் தூக்கச் சொல்கிறார். நான் நடுவில் புகுந்தேன். "நைட்ரேட் மத் தேனா! இன்ஹோனே தாகத் கி தவா லீ ஹை, பாரா பஜே!" என்று கத்தினேன், நைட்ரேட் தராதீர்கள், பன்னிரண்டு மணிக்குத் தாகத் மருந்து சாப்பிட்டிருக்கிறார் என்று. வகுப்பில் கடைசி பெஞ்சுக்குக் கேட்க வேண்டிய குரல். வரிசையில் நின்றவர்கள், வார்டுபாய்கள், ஜோஷி, எல்லாரும் திரும்பினார்கள். அந்த டாக்டர் பையன் கை அப்படியே நின்றது. மாத்திரையைக் கீழே வைத்துவிட்டு, பெரிய டாக்டரைக் கூப்பிட ஓடினான்.

ஆக்ஸிஜன், இசிஜி, ஏதோ ஊசி. வேறு மருந்துகளால் வலியை அடக்கினார்கள். ஒரு நாள் முழுக்க நைட்ரேட் தரவே இல்லை. மாரடைப்பு இல்லை என்று ஞாயிற்றுக்கிழமை சொன்னார்கள். பெரிய டாக்டர் என்னிடம், "அந்த மாத்திரை நாக்குக்கு அடியில் போயிருந்தால் இந்நேரம் நாம் வேறு விஷயம் பேசிக்கொண்டிருப்போம்" என்றார்.

பெட்டியில் ஏழு பொட்டலங்கள், மராத்திச் செய்தித்தாளில் மடித்தவை. பிம்ப்ரி ஸ்டேஷன் பக்கத்தில் தார்ப்பாய்க் கூடாரம் போட்டு ஒருவன் விற்கிறானாம். இமயமலை வேர், பக்கவிளைவே கிடையாது என்றானாம். வேர்தானே, மருந்தில்லையே என்று இவரும் நினைத்துக்கொண்டார். வேறு ஒரு பெண்ணும் இல்லை. நான் நான்கு மாதமாக மனதுக்குள் ஒரு பெண்ணுக்குப் புடவை கட்டி, பூ வைத்து, அவளோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தேன். கடைசியில் அந்தப் பெண் நான்தான்.

நான் அவரை ஒருநாளும் எதுவும் கேட்டதில்லை, அலினா. சத்தியமாகக் கேட்டதில்லை. எதிரே உட்கார்ந்து சாய் குடிக்க ஒரு மனிதர் இருந்தால் போதும் என்றுதான் வந்தேன். அவரிடமும் அதை நான் சொன்னதில்லை.

நேற்று வீட்டுக்கு வந்துவிட்டார். என்னோடு பேசவில்லை. ஒரே ஒரு வாக்கியம் சொன்னார். "நீ கத்துனதக் கேட்டு வார்டுபாய் சிரிச்சான்." அவ்வளவுதான். சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

மேவிஸ்

*

கோயம்புத்தூர்
12.10.2002

மேவிஸ் ஆன்ட்டி,

உங்கள் கடிதத்தை டாக்டர் சாவித்ரியிடம் படித்துக் காட்டினேன். சில பகுதிகளை மட்டும். அவர், "அந்தம்மா நர்ஸா?" என்று கேட்டார். கணக்கு டீச்சர் என்றேன்.

இத்துடன் ஒரு காகிதம் வைத்திருக்கிறேன். அதைப் பிரிக்கும் முன் இந்தக் கடிதத்தைப் படித்துவிடுங்கள். பவுன் அத்தை பேசிய பிறகு உங்கள் கடிதம் வரும்வரை எனக்குத் தூக்கமில்லை. அக்டோபர் இரண்டாம் தேதி, விடுமுறை நாள், உட்கார்ந்து ஆங்கிலத்தில் ஒரு புகார் எழுதினேன், போலீசுக்கு. மாற்றாந்தாய் இரண்டு முறை என் தந்தையைக் கொல்ல முயன்றாள் என்று. முதல் முறை மாத்திரையை அதிகமாகக் கொடுத்து, இரண்டாவது முறை கொடுக்காமல். மூன்றாம் தேதி காலை தபாலில் போட இருந்தேன். ஒரு சிஸ்டருக்கு உடம்பு சரியில்லாமல் அந்த வாரம் முழுக்க எனக்கு இரட்டை டியூட்டி வந்தது, அதனால் நின்றது. மனசாட்சியால் நிற்கவில்லை. அதைத் தெரிந்துகொள்ளுங்கள்.

நான் கிழித்துப் போட்டிருக்கலாம். அப்படிச் செய்தால் உங்களுக்குத் தெரியாமலே போயிருக்கும். அப்பா பெட்டிக்குள் மறைத்தது போல நானும் ஒன்றை மறைத்தவளாக ஆகியிருப்பேன். நீங்களே கிழியுங்கள், அல்லது வைத்துக்கொள்ளுங்கள்.

அப்பாவுக்குத் தனியாக எழுதியிருக்கிறேன். மருந்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. டாக்டரிடம் அவரே தனியாகப் போய்ப் பேசட்டும். அந்த வயதில் அதற்குப் பாதுகாப்பாக என்ன வழி என்று கேட்பதில் வெட்கம் எதுவும் இல்லை. இதை என்னால் அவரிடம் சொல்ல முடியாது. நீங்கள் சொல்லுங்கள்.

நவம்பர் மூன்றாம் தேதி ரயிலில் வருகிறேன், பத்து நாள் லீவு. ஸ்டேஷனுக்கு அப்பா வர வேண்டாம், படி ஏறி இறங்க வேண்டும். நீங்கள் வாருங்கள். நீங்கள் அனுப்பிய கல்யாணப் படத்தை நான் இதுவரை உறையிலிருந்து எடுக்கவில்லை. இன்று எடுத்துப் பார்த்தேன். உங்களை அடையாளம் தெரியும்.

அலினா

*

தாபோடி
24.10.2002

அன்புள்ள அலினா,

புகாரைப் படித்தேன். ஆங்கிலம் நன்றாக இருக்கிறது. தேதிகள் சரி, நேரங்கள் சரி. என் வயதை மட்டும் ஐம்பத்தைந்து என்று போட்டிருக்கிறாய். ஐம்பத்தொன்று. அதைச் சிவப்புப் பேனாவால் திருத்தினேன், பழக்கம். பிறகு அரை மணி நேரம் சமையலறையில் நின்று அழுதேன். கிழிக்கவில்லை. உன் இடத்தில் இருந்தால் நானும் எழுதியிருப்பேன், ஒருவேளை தபாலிலும் போட்டிருப்பேன்.

நான் அழுததை உன் அப்பா பார்த்துவிட்டார். அதற்கு முன் பதினைந்து நாளாக, "உப்பு", "தண்ணி", "போன் அடிக்கி" என்பதற்கு மேல் அவர் என்னிடம் பேசவில்லை.

"யார் லெட்டர்?" என்றார்.

"உங்க பொண்ணு."

"எனக்குந்தான் எழுதியிருக்கா. உனக்கு என்னத்துக்கு?"

இரண்டு மாதமாக எழுதுகிறோம் என்று சொன்னேன். உன் எல்லாக் கடிதத்தையும் எடுத்து அவர் முன்னால் வைத்தேன், உன் புகாரையும் சேர்த்து. உன்னை நான் சந்தேகப்பட்டதையும் சொன்னேன். நீ கோபப்படுவாய் என்று தெரியும். ஆனால் இந்த வீட்டில் இனி ஒரு பெட்டியும் பூட்டியிருக்கக் கூடாது என்று தோன்றியது. ஜன்னல் பக்கம் உட்கார்ந்து வரிசையாகப் படித்தார். பாதியில் கண்ணாடியைக் கழற்றிவிட்டு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். முடித்துவிட்டு, "நான் ஒருத்தன் சொல்லாம இருந்ததுக்கு, நீங்க ரெண்டு பேரும் ஒருத்தர ஒருத்தர் கொலகாரின்னு நெனச்சிருக்கிய" என்றார்.

மறுநாள் அவராகவே டாக்டரிடம் போனார். என்னை வெளியே பெஞ்சில் உட்காரச் சொல்லிவிட்டு உள்ளே போய் இருபது நிமிஷம் பேசினார். வந்தவுடன், "எல்லாம் சொல்லிட்டேன். அந்த டாக்டருக்கு என் மவ வயசு, சிரிக்கல" என்றார். பொட்டலங்களையும் டாக்டரிடமே கொடுத்துவிட்டாராம். பாதுகாப்பான வழி கேட்பதைப் பற்றி நீ எழுதியதை நினைவுபடுத்தினேன். அது பிறகு பார்க்கலாம் என்றார். நானும் பார்க்கலாம் என்றேன். சாய் போட்டு எதிரே உட்கார்ந்தேன். கல்யாணத்துக்கு முன்பே சொல்லியிருக்க வேண்டியதையும் அவரிடம் சொல்லிவிட்டேன். அதை உனக்கு மறுபடி எழுத மாட்டேன்.

இனி எழுதுவது நேற்று நடந்தது. மாலை சர்ச் கமிட்டிக்குப் போய்விட்டு வந்தோம். முதல் மாடித் திருப்பத்தில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றார். முகத்தைப் பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது. நான் கேட்பதற்கு முன்னால் அவரே படியில் உட்கார்ந்துகொண்டு சொன்னார்.

"ஒண்ணும் எடுக்கல. இன்னிக்கும் இல்ல, நேத்தும் இல்ல. குடு."

பாட்டில் என் கைப்பையில் இருந்தது. அலினா, உன்னிடம் உண்மையைச் சொல்கிறேன். அந்த ஒரு விநாடி நான் அவரை நம்பவில்லை. பிம்ப்ரி ரயில் என் கண் முன்னால் ஓடியது. இரண்டு முறை டாக்டரிடம் இல்லை என்றவர், என்னிடம் பவுன் அக்காவுக்கு மறதி என்றவர். அவர் மறுபடி கேட்கவில்லை, கையையும் நீட்டவில்லை. வலியோடு என்னைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார். நான் நம்பும்வரை காத்திருக்கிறார் என்று புரிந்தது.

மூடியைத் திறந்து ஒன்றைக் கொடுத்தேன். நாக்குக்கு அடியில் வைத்துக்கொண்டார். நானும் அந்தப் படியிலேயே பக்கத்தில் உட்கார்ந்து, கைக்கடிகாரத்தைப் பார்க்க ஆரம்பித்தேன். ஒரு நிமிஷம். இரண்டு நிமிஷம். அவர் முகத்தில் நிறம் மாறுகிறதா என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். மாறவில்லை. நான்காவது நிமிஷத்தில் மூச்சை விட்டு, "வலி போயிட்டு" என்றார். எழப் போனவரின் தோளை அழுத்தி உட்காரவைத்தேன். இன்னும் கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தோம். ஜோஷி வீட்டு அம்மா காய்கறிப் பையோடு எங்களைத் தாண்டி மேலே ஏறிப் போனார்.

மேவிஸ்